ஒரு நம்பர், எத்தனை ஆள்?

"செல்போன் இல்லாத வீடு இப்ப எங்கடா இருக்கு? போன்லயே கேட்டுடலாம்."

எங்க ப்ராஜெக்ட் டீமில் எல்லோரும் சொன்னது இதுதான். விஷயம், கோவளத்தில் 40 வயது தாண்டியவர்களின் ரத்த அழுத்தம். கேட்க நியாயமாத்தான் இருந்தது. தமிழ்நாட்டில் நூறு பேருக்கு நூறுக்கும் மேல் போன் இணைப்புகள் இருக்கு. ஆனா இணைப்பு என்பது ஆள் இல்லையே! 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு, 15 முதல் 49 வயதுப் பெண்களிடம் "நீங்களே பயன்படுத்தும் போன் இருக்கா?" என்று கேட்டது. இந்திய அளவில் 'இருக்கு' என்றவர்கள் 54 சதவீதம்தான். தமிழ்நாடு இதைவிட மேல். ஆனா அந்தக் கேள்வி 49 வயதோடு நின்னுடுது. எங்களுக்கு வேண்டியவர்களில் பாதிப் பேர் அதுக்கு மேல.

ஒரு காலையில் கோவளம் போனேன். (பீச் பார்க்கும் ஆசையும் உண்டு, 2021இல் நீலக்கொடி வாங்கிய பீச் ஆச்சே.) மணலில் ஒரு ஆயா மீனை உப்புப் போட்டுக் காய வைத்துக்கொண்டிருந்தார். போன் நம்பர் கேட்டேன்.

"எனக்கு எதுக்குப்பா போனு? வீட்ல ஒண்ணுதான். பையன் கடலுக்கு எத்துக்கினு போயிட்டான்."

"பிபி பாத்திருக்கீங்களா ஆயா?"

"தல சுத்தும். மோர் குடிச்சா சரியாப் பூடும்."

நாலு எட்டு தள்ளி, சர்ஃபிங் பலகையோடு நின்ற தம்பியிடம் ரெண்டு சிம். குத்துமதிப்பா நம்பர்களை எடுத்து அடித்தால் அவன் மாட்ட ரெண்டு வாய்ப்பு. ஆயாவுக்கு ஒன்றுகூட இல்லை. போதாததற்கு, லேண்ட்லைன் எண்ணில் ஊர் தெரியும், செல் எண்ணில் தெரியாது. கோவளத்து நம்பர் என்று தனியாகப் பிரிக்கவே முடியாது.

இது பழைய வியாதி. 1936இல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை, டெலிபோன் டைரக்டரி, கார் பதிவேடு போன்றவற்றிலிருந்து முகவரி எடுத்து ஒரு கோடி வாக்குச்சீட்டு அனுப்பியது. திரும்பி வந்தவை மட்டும் 20 லட்சத்துக்கு மேல். லாண்டன் ஜெயிப்பார் என்றது. ஜெயித்தது ரூஸ்வெல்ட். சாம்பிள் பெருசா இருந்தா போதும் என்று நம்புகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

அதே நாட்டில் 1984இல் தொடங்கிய சுகாதாரத் தொலைபேசி ஆய்வு வருஷக்கணக்கில் லேண்ட்லைனை மட்டும் நம்பியது. இளைஞர்கள் லேண்ட்லைனை விட்டுவிட, 2011 முதல் செல்போனையும் சேர்த்தார்கள். யார் விடுபடுகிறார்கள் என்பது எப்படித் தெரிந்தது? வீடு வீடாகப் போன இன்னொரு ஆய்வில், "உங்க வீட்ல என்ன போன்?" என்று கேட்டதால். போன் தவறவிடுவதைப் போனே சொல்லாது.

"வெயிட்டேஜ் போட்டுக்கலாம்" என்றான் எங்க டீமின் கணக்குப்புலி. ஊரில் நூற்றுக்குப் பத்துப் பேர் வயதான பெண்கள், நமக்குக் கிடைத்தது ரெண்டே பேர் என்றால், ஒவ்வொருவரையும் ஐந்தாக எண்ணுவது. சரி. ஆனா அந்த ரெண்டு பேர், கையில் சொந்த போன் உள்ளவர்கள். மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறவர்களாக இருக்கலாம். அவர்களை ஐந்தால் பெருக்கினாலும் மோர் குடிக்கும் ஆயா வர மாட்டார். அப்படியே அவருக்கு போன் கிடைத்தாலும், "டாக்டர் பிபி இருக்குன்னு சொன்னாரா?" என்றால் "இல்லை" என்பார். அவர் கையில் யாருமே பட்டை சுற்றிப் பார்க்கவில்லையே. கடற்கரையில் பிபி குறைவு என்று நம்ம ரிப்போர்ட் அச்சாகிவிடும். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் பிபி கருவியோடு வீட்டுப்படி ஏறுவது சும்மா இல்லை.

போன் சர்வேயே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2020 ஊரடங்கில் தமிழ்நாட்டில் குடும்ப நல ஆய்வின் வீட்டுப் பயணமே பாதியில் நின்றது. அந்த மாதிரி நேரத்தில் போன்தான் கதி. வீட்டில் ஒருமுறை பார்த்தவர்களைத் திரும்ப விசாரிக்கவும் அது நல்ல வழி.

கடைசியில் தெருவாரியாக வீடுகளைப் பட்டியலிட்டு, குலுக்கி எடுத்து, நேரில் போவது என்று முடிவானது. கடலுக்குப் போனவர்கள் திரும்பித் தூங்கி எழும் நேரமாகப் பார்த்து, சாயங்காலம். படிவத்தில் ரெண்டு கேள்வி சேர்த்திருக்கிறோம்: உங்களிடம் எத்தனை நம்பர்? உங்க போனை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்? அடுத்த வருஷம் போனில் கேட்கப்போகும் ஜூனியர்களுக்கு அது உதவும்.