மண்ணில்லாக் கீரையும் தொட்டி நீரும்

1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை எழுந்தது முதல், ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தின் ஏரிப்பாசன நிலங்கள் பல ஆலைகளாகவும் மனைகளாகவும் மாறிவந்துள்ளன. விளைநிலம் சுருங்கி உண்போர் பெருகிய இத்தகைய நகர விளிம்பில், பயிருக்கு வேண்டிய உப்புகளைக் கரைத்த நீரிலேயே வேரை வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் என்னும் மண்ணில்லா வேளாண்மை கருதத் தக்கதாகிறது. இது இந்தியாவுக்குப் புதியதன்று. ஷோல்டோ டக்ளஸ் 1946-இல் வங்கத்தின் காலிம்பாங்கில் இதனைச் சோதித்தார். சென்னையில் ஸ்ரீராம் கோபால் நிறுவிய ஃபியூச்சர் ஃபார்ம்ஸ், இதனைத் தொழிலாக வளர்த்தவற்றுள் ஒன்று.

இவ்வாறு கீரை வளர்க்கும் கூடத்துக்குள் செல்வோர் கண்ணில் முதலில் படுவது எல்.இ.டி. விளக்கொளியும் அடுக்கடுக்கான பசுமையும் ஆயினும், தொழிலாளியின் நாள் தண்ணீர்த் தொட்டியருகேதான் தொடங்குகிறது. நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் இ.சி. மீட்டர் லெட்யூஸுக்கு ஏறத்தாழ 1.2 முதல் 1.8 மில்லிசீமென்ஸ்/செ.மீ. வரையிலும், பாலக்கீரைக்கு அதனினும் சற்று மிகுந்தும் நிற்க வேண்டும். அமில காரநிலையைக் குறிக்கும் பி.எச். 5.5-க்கும் 6.5-க்கும் இடையே இருக்க வேண்டும். நிலத்தடி நீர் உப்பேறியதாயின் அதனை ஆர்.ஓ. கருவியில் வடித்த பிறகே உரம் சேர்க்க இயலும். அந்த உரமும் 'ஏ', 'பி' என இரு கரைசல்களாகவே வைக்கப்படுகிறது. ஏனெனில் கால்சியம் நைட்ரேட்டைச் செறிந்த நிலையில் சல்ஃபேட்டுடனோ பாஸ்ஃபேட்டுடனோ கலந்தால் அவை திரண்டு அடியில் படிந்துவிடும், படிந்தது வேருக்கு எட்டாது.

இவ்வட்டாரத்தின் உண்மையான எதிரி வெப்பமே. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனை ஏற்கும். 30 டிகிரியில் அது 7.5 அளவுக்குக் குறைய, மூச்சுத் திணறும் வேரைப் பித்தியம் என்னும் நுண்ணுயிரியால் வரும் அழுகல் நோய் பற்றுகிறது. ஆகவே தொட்டியைக் குளிர்விப்பதும், வெண்மையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பேறுகிறதா எனத் தட்டுகளைத் தூக்கிப் பார்ப்பதும் இங்குத் தலையாய வேலைகளாகின்றன. ஆலன் கூப்பர் இங்கிலாந்தில் உருவாக்கிய, சரிவான குழாயில் மெல்லிய படலமாக நீர் ஓடும் முறையில் மின்சாரம் நின்றால் வேர் விரைவில் காய்ந்துவிடும் என்பதால், ஜெனரேட்டரைக் கவனிப்பவரும் அங்கு உழவரே. கோகோபீட் எனப்படும் தென்னை நார்த்துகளில் விதையிட்டு, முளைத்த நாற்றைத் தண்டு நசுங்காமல் துளைக்கூடைக்கு மாற்றும் விரல்களின் பதமும் எந்தக் கருவியிலும் இல்லாதது. இத்திறனுக்குரிய கூலி கணக்கில் ஏறாதவரை இத்தொழிலை நவீனம் என்று போற்றுவது முறையன்று.

அரைக்கீரையும் சிறுகீரையும் திறந்த வயலில் மலிவாக விளையும்போது, அவற்றுக்காக விளக்கும் குளிரூட்டியும் இயக்குவது வீண்செலவு. ஆனால் வெயிலில் விரைந்து பூத்து இலை குன்றும் கொத்தமல்லிக்கும், வெப்பத்தில் கசந்துபோகும் லெட்யூஸுக்கும் சித்திரை, வைகாசியில் இக்கூடங்கள் பொருந்துகின்றன. ஆலை உணவுக்கூடங்கள் அருகிலிருப்பதால், பறித்த இலை வாடுமுன் அடுப்பங்கரைக்குச் சேர்ந்துவிடவும் கூடும்.