கடிதம் எழுதும் கருவியும் கையொப்பம் வைக்கும் நாமும்



கொஞ்ச நாளாக எங்கள் ஆசிரியர் வட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான். "ஏஐயிடம் சொன்னால் வேர்ட் பைலாகவே செய்து தருமாமே, உண்மையா?"

உண்மைதான். வினாத்தாள், கூட்டறிக்கை, சிபாரிசுக் கடிதம் என்று வருடம் முழுக்கக் கடதாசியோடு மாரடிக்கும் எங்களுக்கு இது சின்ன விஷயமும் அல்ல. அதனால் எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முன்பு ஏஐ பதிலை மட்டும் எழுதித் தந்தது. அதைக் கொப்பி பண்ணி, வேர்டில் ஒட்டி, அட்டவணையை நாமே போட்டோம். இப்போது வந்திருப்பதை ஏஜென்ட் என்கிறார்கள். சொன்ன வேலையைப் படிப்படியாகத் தானே செய்து முடிக்கும் ஏஐ அது. ஆவணம் தயாரிக்க அதற்கென்று ஒரு கருவியையும் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று அறிய ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஒரு வேர்ட் கோப்பைப் பிரதி எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள 'டொக்எக்ஸ்' என்பதை 'ஸிப்' என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே பல சிறு கோப்புகள் இருக்கும். பெரும்பாலும் எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் எழுதியவை. இந்த அமைப்பு 2006இல் எக்மா தரமாகவும் 2008இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஏற்கப்பட்டது. எவரும் அதைப் படித்து மென்பொருள் எழுதலாம். அதனால் ஏஜென்டுக்கு வேர்டைத் திறக்கவே தேவையில்லை. பைதன் மொழியில் சிறு நிரல் எழுதி, 'பைதன்-டொக்எக்ஸ்' போன்ற இலவச நூலகத்தைக் கொண்டு கோப்பை நேரடியாகவே உருவாக்கிவிடும். நல்ல கருவியென்றால் செய்த பக்கத்தைப் படமாக மாற்றிப் பார்த்து, அட்டவணை ஓரத்தைத் தாண்டியிருந்தால் திருத்தவும் செய்யும்.

தமிழில்தான் சிக்கல். வேர்ட் கோப்பில் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழ் போன்ற எழுத்துகளுக்கு இன்னோர் எழுத்துரு என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும். கருவி முதலாவதை மட்டும் குறித்துவிட்டால் தமிழ் நாம் கேட்ட வடிவில் வராது. பீடிஎப் செய்யும் சில கருவிகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பழைய பாமினி வினாத்தாளைக் கொடுத்தால் இன்னும் மோசம். நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். முதலில் யுனிகோடுக்கு மாற்றிவிட்டுக் கொடுங்கள்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் பிழைகள். என்னை யோசிக்க வைத்தது வேறொன்று.

வாப்பாவை இழந்த ஒரு மாணவிக்கு உதவித்தொகைக்காகச் சிபாரிசுக் கடிதம் தேவைப்பட்டது. பெயரைக் கொடுக்காமல் நான்கு விவரங்களை மட்டும் கொடுத்தேன்: தரம், வரவு, புள்ளிகள், குடும்ப நிலை. இரண்டு நிமிடத்தில் கடிதம் வந்தது. நல்ல தமிழ், ஒழுங்கான பந்திகள், கீழே கையொப்பத்துக்குக் கோடு. நடுவில் ஒரு வரி, அவர் வலய மட்டப் பேச்சுப் போட்டியில் வெற்றி பெற்றவர் என்று. அந்தப் பிள்ளை வகுப்பில் எழும்பி வாசிக்கவே கூச்சப்படும்.

அந்த வரியை வெட்டிவிட்டுத்தான் கையொப்பம் வைத்தேன். இப்படிப்பட்ட கடிதங்களில் வழக்கமாக என்ன இருக்கும் என்று ஏஐக்குத் தெரியும். இந்தப் பிள்ளையைத் தெரியாது. வெற்றிடத்தை வழக்கத்தைக் கொண்டு நிரப்பிவிடுகிறது. அந்த வரி அப்படியே போய், சான்றிதழ் எங்கே என்று யாராவது கேட்டிருந்தால்? பிள்ளையின் உண்மையான கஷ்டமும் சேர்ந்தே சந்தேகத்துக்கு ஆளாகியிருக்கும்.

கடனை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகராவின் 282ஆவது ஆயத்தை நாம் எல்லோரும் அறிவோம். குர்ஆனிலேயே நீளமான ஆயத் அது. அங்கே எழுதுபவர் ஒருவர் இருக்கிறார். ஆனால் வாசகத்தைச் சொல்ல வேண்டியவர், கடன் யார் மீது இருக்கிறதோ அவர். பொறுப்பு யாருடையதோ அவருடைய வாயிலிருந்தே சொல் வர வேண்டும் என்றுதான் நான் அதை விளங்கிக்கொள்கிறேன். ஏஜென்ட் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் எழுதுபவனின் இடத்தில்தான் இருக்கிறது.

ஆகவே பாவிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானே பாவிக்கிறேன். இந்த நான்கையும் கடைப்பிடிக்கிறேன்:

1. "நான் தராத எதையும் சேர்க்காதே, தெரியாத இடத்தைக் கோடு போட்டு விடு" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

2. பிள்ளைகளின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் எதையும் கொடுப்பதில்லை. கடைசியில் நானே நிரப்புவேன்.

3. பீடிஎப்பாகக் கேட்பதில்லை. வேர்டாகக் கேட்டு, லதா அல்லது நிர்மலா எழுத்துருவைச் சொல்லிவிடுவேன். பிறகு திருத்துவது சுலபம்.

4. பிரிண்ட் எடுத்து, பேனையோடு ஒருமுறை வாசிப்பேன்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கான கடிதத்தை இப்படிச் செய்வித்துக் கொண்டுவந்தால் தப்பில்லை. அதிபரிடம் நீட்டுவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் பிள்ளைக்கு வாசித்துக் காட்டி, "இது உண்மையா மகள்?" என்று கேட்டுவிட்டுக் கொண்டுவாருங்கள்.