கள்ளுக்கடையும் கறிச்சட்டியும்

கள்ளுக்கடைக்குச் சாப்பிடப் போனோம் என்று எழுதினால், வாசகர்களில் சிலர் இதழை அப்படியே மடித்து வைத்துவிடவும் கூடும். ஆயினும் உள்ளதை உள்ளவாறு சொல்வதே நலம். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் செல்லும் வழியை விட்டு உட்புறம் திரும்பினால், செம்பனைத் தோட்டங்களுக்கிடையே தகரக் கூரை வேய்ந்த கடை ஒன்று இருக்கிறது. கள்ளை முன்னிட்டன்றிக் கறியை முன்னிட்டே அங்கு போகிறவர்கள் பலர். தோட்டக் காரியாலயத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் நாமும் நமது துணைவியாரும் சம்பளம் போட்ட மறு ஞாயிறன்று அங்குச் சென்றோம். நாம் கள் அருந்துவதில்லை. அதற்காக நம்மை யாரும் புகழ வேண்டுவதில்லை. வயிறு ஏற்பதில்லை, அவ்வளவே.

முதலில் கறியைப் பற்றிச் சொல்லிவிடுவோம். உதிர்ந்த செம்பனைப் பழத்தைத் தின்று கொழுத்த காட்டுப்பன்றியை, வறுத்து அரைத்த மிளகு சீரகத்துடன் நீர் வற்றும்வரை சுருள வதக்கிய பிரட்டல் ஒன்று. கம்பத்துக் கோழி வறுவல் ஒன்று. இவற்றினும் மேலாக, ஆற்று நத்தை. நெகிரி செம்பிலான் மலாய்க்காரர், மஞ்சளையும் சிலிப்பாடி என்னும் ஊசி மிளகாயையும் அரைத்துத் தேங்காய்ப் பாலில் கரைத்துச் சமைப்பதில் பேர்போனவர்கள். அந்தக் குழம்பிலே நம் ஊர் மிளகைச் சேர்த்துக் கறிவேப்பிலையைக் கிள்ளிப்போட்டு இறக்கியிருந்தார்கள். ஓட்டின் வாயில் உதட்டை வைத்து உறிஞ்ச வேண்டும், சட்டை கறைபடும், கவலைப்படலாகாது. எத்தனையோ கலியாண விருந்துகளில் உண்டிருக்கிறோம். இத்தகைய கைப்பக்குவத்தைக் கண்டதில்லை.

இக்கறிக்கு இவ்வளவு காரம் ஏன் என்று நினைத்துப் பார்த்தால் வியாபார இரகசியம் ஒன்று புலப்படும். தென்னம்பாளையைச் சீவிக் கட்டிய கலயத்தில் சொட்டும் நீர் இனிப்பானதே. கலயத்தினுள் சுண்ணாம்பு தடவினால் அது பதநீராக நிற்கும். தடவாவிடில் காற்றிலுள்ள நொதி சில மணி நேரத்திற்குள் அதைப் பொங்கச் செய்துவிடும்; நூற்றுக்கு நான்கைந்து பங்கு சாராயச் சத்து ஏறும்; மறுநாள் புளித்துக் காடியாகத் தொடங்கும். ஆகவே அன்றைய கள்ளை அன்றே விற்றாக வேண்டும். உப்பும் உறைப்பும் தாகத்தை வளர்க்கும். தாகம் கள்ளை விற்கும். கறிச்சட்டி கள்ளுப் பானைக்குச் செய்யும் ஊழியம் இதுவே.

ஆங்கிலத்திலேயே பாடம் பயின்ற நமக்கு, சீமையின் கிராமத்து மதுச்சாலைகள் ஏட்டில் பழக்கமானவை. அங்கு நடந்த மாறுதல் கவனிக்கத்தக்கது. 1991இல் இலண்டன் கிளார்க்கன்வெல்லில் ‘ஈகிள்’ என்னும் கடை உணவையே முதன்மையாக்கிப் புதுவழி காட்டியது. மார்லோ என்னும் சிற்றூரின் ‘ஹேண்ட் அண்ட் ஃபிளவர்ஸ்’ கடைக்கு 2012ஆம் ஆண்டு மிஷ்லின் கையேடு இரண்டு நட்சத்திரங்கள் வழங்கியது; மதுச்சாலை ஒன்று அப்பெருமையைப் பெற்றது அதுவே முதன்முறை. அவ்வளவு தூரம் போவானேன்? கேரளத்துக் கள்ளுக்கடைகளில் மரவள்ளிக் கிழங்கும் மீன்கறியும் உண்பதற்கென்றே மக்கள் வருகிறார்கள். குடும்பத்தோடு அமரத் தனியறை வைத்த கடைகளும் அங்குண்டு.

நம் கடையில் என்ன நடந்தது? பலகையில் அமரப்போன நம் துணைவியாரைக் கடைக்காரர் மரியாதையாகவே தடுத்தார். “அம்மா உள்ளே அக்காவோட உக்காரட்டும், கிராணி ஐயா. இங்கே ஆளுங்க பேச்சு ஒரு மாதிரி இருக்கும்” என்றார். துணைவியாரும் மறுசொல் இன்றி அடுக்களைக்குள் போய்விட்டார்.

அந்தப் பலகையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். லாரி ஓட்டுகிறவர், குலை வெட்டுகிறவர், ஓய்வுபெற்ற மண்டோர், கணக்கெழுதும் நாம் எல்லோரும் முழங்கை உரச அமர்ந்திருந்தோம். எந்தச் சாதி என்று எவரும் எவரையும் கேட்கவில்லை. அந்நாளில் கிராணிமாருக்கென்று தனிக் கிளப்பு உண்டு. லயத்து ஆளோடு ஒரே பலகையில் அமர்வது கௌரவக் குறைவு. கோயில் பந்தியில் கிடைக்காத சமத்துவம் கள்ளுக்கடைப் பலகையில் கிடைப்பதைக் கண்டு நாம் மகிழ்வதா, வெட்கப்படுவதா? எதுவாயினும் அந்தச் சமத்துவம் பாதிச் சனத்திற்கு மட்டுமே உரியதாயிருந்தது.

மறுபாதியின் சங்கதி துணைவியார் வாயிலாகவே நமக்குத் தெரிந்தது. சமைக்கும் அம்மையார் அறுபதைக் கடந்தவர்; இளமையில் பால்மரம் வெட்டியவர். நத்தையைக் கழுவிக்கொண்டே, “தங்கச்சி, முன்னால ஒரு தட்டு பன்னெண்டு வெள்ளி. கள்ளோட சேர்த்து முப்பது வெள்ளி இல்லாம எவரும் எழுந்து போறதில்லே. வீட்டிலே பிள்ளைங்களுக்குக் கருவாடு” என்றாராம். கணக்கு நமது தொழிலாதலின் போட்டுப் பார்த்தோம். 2025ஆம் ஆண்டு முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாள் வேலை என்று வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 65 வெள்ளி. ஒரு பகற்பொழுதில் அரைநாள் உழைப்புக் கரைகிறது.

மதுவை எதிர்த்தவர்கள் செய்த தொண்டு சிறிதன்று. 1921இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னின்றார்கள். 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. 1947இல் கெடாவில் பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளை எதிர்த்து மறியல் செய்தனர். அவர்கள் கேட்டது முற்றிலும் நியாயம். ஆனால் அவர்கள் கண் பானைமேல் இருந்ததேயன்றிச் சட்டிமேல் இருந்ததாகத் தோன்றவில்லை. உழைத்து வந்தவன் நல்ல கறியுண்டு நாலுபேரோடு பேசியிருக்க லயத்தில் வேறு இடம் எது? அவனுடைய மனைவிக்கு அந்த இடமும் கிடையாது. பெண் கடைக்கு வெளியே நின்று மறியல் செய்தாள், உள்ளே நின்று சமைத்தாள், உட்கார்ந்து உண்டாளில்லை.

அடுக்களையின் பின்வாசலில் நடப்பதையும் துணைவியார் பார்த்து வந்தார். இன்று லயங்களில் நம்மவர் குறைந்து, வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் மிகுந்துவிட்டனர். எஞ்சியிருக்கும் நம் பெண்கள் சம்பள ஞாயிறுகளில் தூக்குச் சட்டியோடு அந்த வாசலுக்கு வருகிறார்கள். கள் இல்லை, பலகை இல்லை. கறி மட்டும் எட்டு வெள்ளி. அம்மையார் முன்புறத்திற்கு அனுப்புமுன் பின்புறத்திற்கென்று ஒரு பங்கை எடுத்து மூடி வைத்துவிடுகிறார். இது கடைக்காரருக்கும் தெரியும்.

பணம் கொடுக்கையில், பின்புறத்து ரம்புத்தான் மரத்தடியில் இரண்டு பலகை போட்டால் பெண்களும் பிள்ளைகளும் அமர்ந்து உண்ணலாமே என்று அவரிடம் சொன்னோம். “அப்புறம் இங்கே யாரு கள்ளு குடிப்பா, ஐயா?” என்று சிரித்தார். அப்போது முன்புறத்தில் ஆறு பேர் அமர்ந்திருந்தனர். பின்வாசற்படியில் பதினொரு தூக்குச் சட்டிகள் வரிசையாக இருந்ததை நம் துணைவியார் எண்ணி வந்திருந்தார்.