முண்டகக்கண்ணி அம்மன் கோவில் நிறுத்தம்

நெய்வேலி நகரியத்தில் இடங்களுக்குப் பெரும்பாலும் பெயர் கிடையாது, எண்தான். 16ஆம் வட்டம், 21ஆம் வட்டம் என்று கண்டக்டர் கூவுவார். இறங்க வேண்டியவர்கள் இறங்குவார்கள். 1956இல் நிறுவனம் ஏற்பட்டது, மறு ஆண்டு மே மாதம் நேரு வந்து தோண்டும் வேலையைத் தொடங்கிவைத்தார், 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அதுவரை அந்த மண்ணின்மேல் கிராமங்கள் இருந்தன, அவற்றுக்குப் பெயர்களும் இருந்தன. நிலக்கரிக்கும் கீழே தண்ணீர், மேல்நோக்கி முட்டிக்கொண்டு நிற்கும் தண்ணீர். இரவு பகலாகப் பம்புகள் இறைக்காவிட்டால் சுரங்கமே கிடையாது. இங்கே வளர்ந்தவனுக்கு ஒரு வேண்டாத பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. எந்த நிலத்தில் கால் வைத்தாலும் இதன் கீழே என்ன, இதற்கு முன் யார் என்ற கேள்வி.

இந்தப் பழக்கத்தோடுதான் நான் சென்னைக்குப் போகும்போதெல்லாம் பறக்கும் ரயிலில் ஏறுகிறேன். என் அக்கா வாழ்க்கைப்பட்டது மயிலாப்பூரில், முண்டகக்கண்ணி அம்மன் கோவிலுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம்வரை 1995 நவம்பரில் விட்ட ரயில், 1997 அக்டோபரில் திருமயிலைக்கு வந்து சேர்ந்தது. ஆனால் அக்கா வீட்டருகே அது நிற்கவில்லை. கலங்கரை விளக்கம் ஸ்டேஷனை விட்டால் திருமயிலைதான். இறங்கி, வந்த வழியே திரும்ப நடக்க வேண்டும். நடுவில் ஒரு நிறுத்தம் திறக்கப்பட்டது 2014 ஏப்ரலில். பதினாறரை ஆண்டுகள் ஒரு தெருவின் தலைக்கு மேலேயே ரயில் போய் வந்துகொண்டிருந்தது, அந்தத் தெருவுக்கு ரயில் இல்லை.

நம் நவீன கவிஞர்களுக்கு ஸ்டேஷன் என்றால் தனிமை. காலி பெஞ்சு, நின்றுபோன கடிகாரம், போய்விட்ட ரயில். இந்த நிறுத்தத்தில் நின்று பார்த்தால் எனக்குத் தனிமை தோன்றுவதில்லை. நெரிசல்தான் தோன்றுகிறது, அதுவும் கீழேயிருந்து.

கீழே ஓடுவது, ஓடுவதாகச் சொல்லப்படுவது, பக்கிங்ஹாம் கால்வாய். 1806 வாக்கில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் எண்ணூர்ப் பக்கம் வெட்டிய வாய்க்காலிலிருந்து வளர்ந்தது அது. ஆனால் மயிலாப்பூர் வழியே போகும் இந்தத் துண்டு, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர், தாது வருஷத்துப் பஞ்சத்தின் பிள்ளை. 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும். பட்டினி கிடந்தவர்கள் கூடையில் மண் சுமந்தார்கள், கவர்னருடைய பெயர் கால்வாய்க்கு வந்தது.

அக்காவின் மாமியார் அதில் விறகுப் படகுகள் வந்ததைப் பார்த்தவர். கரையில் விறகு எடை போடுவார்களாம், ஈர விறகைத் தள்ளிவிட்டுவிடுவார்கள் என்று சண்டை நடக்குமாம். 1965-66 புயல்களும் 1976 புயலும் கால்வாயைச் சிதைத்தன. படகு போய்ச் சாக்கடை வந்தது. அதன் பிறகு அது ரயில்வேக்காரர்களின் கண்ணில் பட்டிருக்கிறது. நகரத்தின் நடுவே, நீளவாக்கில், விலை கொடுத்து வாங்க வேண்டாத சர்க்கார் நிலம். கரையில் குடிசை போட்டிருந்தவர்களிடம் பட்டா கிடையாது. தண்ணீரிடம் எந்தக் காலத்திலும் பட்டா இருந்ததில்லை. தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. வேடிக்கை என்னவென்றால், 2008இல் இந்தக் கால்வாய் தேசிய நீர்வழி 4இன் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டது. சட்டத்தில் படகு போகிறது, இங்கே தூண் நிற்கிறது.

இதைச் சொன்னால் நண்பர்கள் உடனே ஒரு பக்கம் சேர்ந்துகொள்கிறார்கள். கான்கிரீட் அசிங்கம், கோவில் அழகு, மரபு போச்சு. எனக்கு அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை. முண்டகக்கண்ணியின் கருவறைக்கு மேலே இன்றும் கீற்றுக் கூரைதான். அம்மன் அதைத்தான் விரும்புகிறாள், வேறு கூரை வேண்டாம் என்கிறாள் என்பது நம்பிக்கை. ஆடி மாதத்தில் அவள் வாசலில் பொங்கல் வைக்கிற பெண்களில் பலர் அதே கீற்றின் கீழ் வாழ்ந்தவர்கள். அவர்கள் அதை விரும்பி ஏற்றவர்கள் அல்லர். அவர்களிடம் கான்கிரீட்டின் அசிங்கத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. ரயிலும் அவர்களுக்கு வேண்டியதுதான். வேளச்சேரிக்கு வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கு அரைமணி மிச்சமானால் அது அரைமணிதான். அதை மரபிலிருந்து கழிக்க முடியாது.

என்னை உறுத்துவது பெயர்ப்பலகை. கீற்றுக்கு மேல் வேறு கூரை வேண்டாம் என்பவளின் பெயரை இத்தனை டன் கான்கிரீட்டின்மேல் எழுதியிருக்கிறார்கள். அதைப் பாசாங்கு என்று சொல்லிவிடலாம். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எண்களுக்கு நடுவே வாழ்ந்தவனுக்கு அந்தப் பலகை வேறு மாதிரியும் படுகிறது. ஒரு கிராமத்தை எடுத்துவிட்டு வட்டம் என்று எண் போடுவதைவிட, குறைந்தபட்சம் இங்கே யாரோ ஏற்கெனவே இருந்தாள் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கூடை சுமந்தவர்களுக்கு அந்த ஒப்புதலும் கிடைக்கவில்லை. அவர்களுக்குப் பலகை வைப்பதென்றால் எந்தப் பெயரை எழுதுவது?

அக்கா அந்த நிறுத்தத்தை உபயோகிப்பதில்லை. "அத்தனை படி யாருடா ஏறுவா?" என்கிறாள். முழங்கால் வலி. கச்சேரி ரோட்டில் ஆட்டோ பிடித்துவிடுகிறாள். ஆனால் நான் ரயிலில் வந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கேட்பது, அவளுடைய மாமியார் இருந்தவரை கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. மேலேயிருந்து பார்த்தாயே, தண்ணி ஓடறதா?

போன தை மாதம் பார்த்தேன். தூணைச் சுற்றி ஆகாயத்தாமரை, அதன்மேல் ஒரு கொக்கு. தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. ஒரு தெர்மாகோல் துண்டு கிடந்தது. அது நகர்ந்தால் தெரியும் என்று நின்றேன். அதற்குள் வேளச்சேரி வண்டி வந்து மறைத்துவிட்டது.