மாணவியின் கணவராக ஹாலே நகரில்

ஜெர்மனியிலிருந்து திரும்பியது முதல் நம் சங்கத்து அன்பர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகள் மூன்று. குளிர் எப்படி? சோறு கிடைத்ததா? மூன்றாவதைச் சற்றுத் தயங்கியே கேட்கின்றனர்: "அம்மையார் படிக்கப் போனார், தாங்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" முதல் இரண்டுக்கும் நின்ற இடத்திலேயே விடை கூறிவிடலாம். மூன்றாவதற்குக் கட்டுரையே எழுத வேண்டியிருக்கிறது. ஆசிரியரும் வற்புறுத்தவே எழுதத் துணிந்தோம்.

பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வேயில் கடைநிலையில் சேர்ந்து, துறைத்தேர்வு எழுதிக் கரக்பூரில் எழுத்தரானோம். நம் மனைவியார் மணமான பின்னரே முதுகலை படித்தார். 2022 இல் ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் தாவர வேதியியல் ஆய்வுக்கு இடமும், அதனோடு பகுதிநேர ஆய்வுப் பணியும் அவருக்குக் கிடைத்தன. "நீங்கள் பின்னால் வருவதாக இருந்தால் போகிறேன், இல்லையேல் வேண்டாம்" என்றார். நிபந்தனை விதிப்பது அவர் வழக்கமன்று. ஆகவே ஊதியமில்லா விடுப்பு இரண்டாண்டுக்கு விண்ணப்பித்தோம், கிடைத்தது.

மாணவரின் துணையாகச் செல்பவருக்கு ஜெர்மானிய மொழியின் முதற்படித் தேர்வில் தேறிய சான்றிதழ் வேண்டும் என்றனர். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். நூற்றுக்கு அறுபது எடுத்தால் தேர்ச்சி. வார விடுமுறைதோறும் ஹவுராவுக்கு ரயிலேறிக் கல்கத்தாவில் பாடம் கேட்டோம். உடன் பயின்றவர் பெரும்பாலும் இருபது வயதினர். நம்மை ஆசிரியர் என்று எண்ணி எழுந்து நின்றவர்களும் உண்டு. தேர்வில் தேறி, 2023 ஜூன் மாதம் ஹாலே போய்ச் சேர்ந்தோம்.

ஸாலே ஆற்றங்கரையில் உள்ள பழைய நகரம் அது. நாங்கள் குடியிருந்தது ஆற்றுக்கு மேற்கே, நாய்ஷ்டட் என்னும் பகுதியில். கிழக்கு ஜெர்மனி தனி நாடாயிருந்த காலத்தில், 1964 முதல், இரசாயனத் தொழிற்சாலைத் தொழிலாளருக்கென்று எழுப்பிய குடியிருப்பு. ஆலையிலேயே வார்த்த கான்கிரீட்டுப் பலகைகளை அடுக்கிக் கட்டிய வீடுகள். நம் ரயில்வே காலனியைப் போல ஒன்றைப் போலவே மற்றொன்று. ஐந்தாம் மாடி. லிப்ட் இல்லை.

நிற்க. குடும்பத்தைச் சேர வந்தவர் வேலை பார்க்கலாம் என்று ஜெர்மனியின் சட்டம் இடம் தருகிறது. ஆனால் நமது 1966 ஆம் ஆண்டு ரயில்வே பணி நடத்தை விதிகளின்படி, விடுப்பில் இருந்தாலும் அனுமதியின்றி வேறு வேலை ஏற்கலாகாது. கிடங்குகளில் ஆள் தேவை என்ற விளம்பரம் டிராம் நிறுத்தந்தோறும் ஒட்டியிருக்கும். அதைப் படித்துவிட்டுக் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நடப்போம். அந்த நாடு தடுக்காததை நம் விதி தடுத்தது. நல்ல எழுத்தர் விதிக்கு அடங்கியவர். எனவே இரண்டாண்டுகள் ஒரு காசும் சம்பாதிக்கவில்லை.

காலையில் அவர் டிராம் ஏறிப் போனபின் வீடு நம் பொறுப்பு. முதல் பாடம் குப்பை. காகிதத்திற்கு ஒரு தொட்டி, உறைகளுக்கு மஞ்சள் நிறத்தது, காய்த்தோலுக்கு ஒன்று, எஞ்சியதற்கு ஒன்று. கண்ணாடிக் குப்பிகளைத் தெருமுனைக்குக் கொண்டுசென்று நிறம் பிரித்துப் போட வேண்டும். அதுவும் ஞாயிற்றுக்கிழமை போடலாகாது. ஓசை அண்டை வீட்டாரின் ஓய்வைக் கெடுக்குமாம். ஞாயிறன்று கடைகளும் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலை தக்காளி வாங்க மறந்தவர் திங்கள் வரை தக்காளியின்றி ரசம் வைக்க வேண்டியதுதான். பிளாஸ்டிக் குப்பியில் பானம் வாங்கினால் 25 சென்ட் கூடுதலாகப் பிடித்துக்கொள்வர். காலிக் குப்பியைக் கடையிலுள்ள இயந்திரத்தில் இட்டால் சீட்டு வரும், அதைக் காட்டினால் காசு திரும்பும். கணக்குப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது.

இட்லிக்கு மாவு அரைத்து வைத்தால் குளிர்காலத்தில் கல்லாய்க் கிடக்கும். மின்னடுப்பின் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு அதனுள் வைத்தால் மறுநாள் பொங்கும். இதைக் கண்டுபிடிக்க மூன்று வாரமாயிற்று. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். அவர் திரும்ப ஏழாகும். அந்த மூன்று மணி நேரந்தான் கடினம். வேலை முடிந்திருக்கும், பேச ஆளில்லை, அலுவலகத்தில் இந்நேரம் என்ன கோப்பு வந்திருக்கும் என்று மனம் போகும்.

மொழி வகுப்பில் மேற்கொண்டு சேர்ந்தோம். "தங்கள் தொழில் யாது?" என்பது முதல் நாட்பாடம். ரயில்வே எழுத்தர் என்றோம். "இப்போது?" என்றார் ஆசிரியை. விழித்தோம். அவரே கரும்பலகையில் 'ஹவுஸ்மான்' என்று எழுதினார். வீட்டைக் கவனிக்கும் பெண்ணுக்கு ஒரு சொல் இருப்பதுபோல ஆணுக்கும் அவர்கள் மொழியில் ஒரு சொல் உண்டு. யாரும் சிரிக்கவில்லை, அடுத்தவரிடம் போய்விட்டார்.

வீட்டிற்கு வரும் வழியெல்லாம் இதற்குத் தமிழில் என்ன என்று தேடினோம். இல்லத்தரசி உண்டு; இல்லத்தரசன் என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை. இல்லத்தை ஆள்பவள் இல்லாள். அதையே ஆண்பாலாக்கினால் இல்லான் என்றாகும். பொருளோ கையில் ஒன்றுமில்லாதவன்! அன்றைய நிலையில் அந்தச் சொல் நமக்கு இரு வகையிலும் பொருந்தியது. மனைவியாரிடம் சொன்னபோது வயிறு வலிக்கச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு நம் முகத்தைப் பார்த்தார்.

வங்கிக் கணக்கை வந்த மாதமே இருவர் பெயரிலும் மாற்றிவிட்டார். அட்டையும் கொடுத்தார். எனினும் முடி திருத்தக் கூட அதை எடுக்கக் கை கூசியது. தலை காடாய் வளர்ந்திருப்பதைக் கண்டு ஒருநாள் கேட்டார்: "நான் முதுகலை படித்த இரண்டு வருடமும் பஸ் கட்டணம் யாருடைய சம்பளத்தில் போயிற்று? அப்போது நான் உங்களிடம் கணக்கு ஒப்புவித்தேனா?" ஒப்புவிக்கவில்லை. மறுநாள் முடி திருத்திக்கொண்டோம். ஊரிலிருந்து தாயார் தொலைபேசியில், "சமையலும் நீதானாய்யா?" என்பார். ஆம் என்போம். "சரி, உப்பைப் பார்த்துப் போடு" என்று முடிப்பார். ஊராருக்கு அவர் என்ன சொல்லி வைத்திருந்தாரோ, கேட்கவில்லை.

வகுப்பில் சிரியா, உக்ரேன், வியட்நாம் நாட்டுப் பெண்கள் பலர். அவர்களுள் சிலர் நம்மைப்போல் மாணவரின் துணையாக வந்தவர்கள். ஒருவர் தம் நாட்டில் பல் மருத்துவர். இங்கே குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வினைச்சொல் மனப்பாடம் செய்கிறார். அவர்களோடு அமர்ந்திருக்கையில் கரக்பூரில் உள்ள நம் சங்கக் குடும்பங்களை எண்ணிக்கொள்வோம். ஊரில் ஆசிரியப் பணியை விட்டுவிட்டு, கணவரின் மாற்றல் உத்தரவோடு வங்காளம் வந்து, வங்காளியில் கத்தரிக்காய் விலை கேட்கக் கற்றுக்கொண்ட பெண்மணிகள் எத்தனை பேர்! 'இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?' என்று அவர்களை யாரும் தயங்கிக் கேட்டதில்லை, தயங்காமலும் கேட்டதில்லை.

துணையாக ஒருவர் கிடைத்தார். கீழ்மாடியில் இருந்த முதியவர், பழைய கிழக்கு ஜெர்மானிய ரயில்வேயில் கேபின்மேனாக இருந்தவர். நம் ஜெர்மானியம் நூறு சொற்களுக்கு மேல் போகாது. ஆனால் கைகாட்டி மரத்தைக் காகிதத்தில் வரைந்து காட்ட மொழி எதற்கு? நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர், அவர்களது 1435 என்று எழுதிக் காட்டினோம். கரக்பூர் நடைமேடை 1072 மீட்டர் என்றதும் நம்பவில்லை. ஒரு காலத்தில் அதுவே உலகில் நீளமானது என்றும், அப்பெருமை கோரக்பூருக்கும் பின்னர் 2023 இல் ஹூப்ளிக்கும் போய்விட்டது என்றும் சொன்னோம். அவர்கள் நாட்டில் ஆறு நிமிடத்திற்குக் குறைவான தாமதம் தாமதமே அன்று. அப்படி எண்ணியும் 2024 இல் நெடுந்தூர வண்டிகளில் நூற்றுக்கு 62.5 மட்டுமே நேரத்திற்கு வந்தன. இதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த வருத்தம் நமக்கு நன்கு புரிந்தது. ஊரில் பாஸில் பயணம் செய்து பழகிய நாம், அங்கே மாதச் சீட்டுக்கு முதலில் 49 யூரோவும் 2025 இல் 58 யூரோவும் கொடுத்தோம். அந்தச் சீட்டில் விரைவு வண்டி ஏற முடியாது. பாசஞ்சர் வண்டிகளில் நாடு முழுதும் சுற்றலாம்.

தமிழருக்கு அந்நகரோடு பழைய உறவு ஒன்றுண்டு. தரங்கம்பாடிக்கு 1706 இல் வந்து தமிழ் கற்ற சீகன்பால்கு, ஹாலேயில் பயின்றவர். அவரது தமிழ் இலக்கண நூல் 1716 இல் அங்கேதான் அச்சாயிற்று. பிராங்கே நிறுவனத்துக் காப்பகத்தில் நம் ஓலைச்சுவடிகளை இன்றும் பேணி வருகின்றனர். சீகன்பால்கு 1714 இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது மலையப்பன் என்னும் தமிழர் துணையாக உடன் சென்றார். படிக்கச் சென்றவரல்லர், துணையாகச் சென்றவர். அந்தக் குளிரில் அவர் என்ன உண்டாரோ என்று அக்கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் தோன்றும்.

2025 ஜூனில் விடுப்பு முடிந்தது. வேலையை விட்டுவிட்டு அங்கேயே தங்கலாமா என்று மூன்று இரவுகள் இருவரும் பேசினோம். தாயாருக்கு ரயில்வே மருத்துவமனையில்தான் வைத்தியம், மாதந்தோறும் மருந்து. அதைக் கையில் எடுத்துப் பார்த்தபின் பேச்சு நீளவில்லை. திரும்பி வந்து பணியில் சேர்ந்தோம். ஊதிய உயர்வு இரண்டு தள்ளிப்போனது. நமக்குப் பின் சேர்ந்தவர் இப்போது நம்மைவிட அதிகம் வாங்குகிறார்.

அவர் ஐந்தாம் மாடியில் தனியே இருந்து ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறார். குளிர்காலத்தில் அங்கே இரவு ஏழு மணி என்றால் நமக்குப் பதினொன்றரை. அந்த நேரத்திற்குத்தான் பேச முடிகிறது. சமைக்கப் பொழுதில்லை, ரொட்டியும் பாலும் என்கிறார். இவ்வாண்டு இறுதிக்குள் ஆய்வேட்டைத் தந்துவிடுவார். பின்னர் அவருக்கு எங்கே வேலை அமைகிறதோ, அதைப் பார்த்தே நாம் விண்ணப்பம் எழுத வேண்டும். அது மாற்றலுக்கா, விடுப்புக்கா, விலகலுக்கா என்பது தெரியாது. தாள் மட்டும் வாங்கி வைத்திருக்கிறோம்.