எட்டாவது பாட்டில் யார் வருவார்?

திருஞானசம்பந்தர் கடல் கடந்து திருகோணமலைக்கு வந்ததாக மரபு சொல்வதில்லை. இராமேசுவரத்தில் இருந்தபடியே அவர் கோணேசரைப் பாடினார் என்கிறது பெரியபுராணம். கண்ணால் காணாத ஊருக்கு ஒரு பதிகம். பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, எழுத்தைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் இதைப் பார்த்தால் வேறொன்று கண்ணில் படும். சம்பந்தரின் பெரும்பாலான பதிகங்களுக்கு ஒரு சட்டகம் உண்டு. எட்டாம் பாட்டில் கயிலை மலையை எடுக்கப் போன இராவணன் வருவான். ஒன்பதாம் பாட்டில் அடிமுடி தேடிய திருமாலும் பிரமனும், பத்தில் சமணரும் பௌத்தரும். கடைசிப் பாட்டில் பாடியவர் பெயரும், பாடுவோர் பெறும் பயனும். ஏழாவது பாட்டை முடித்தவருக்கு அடுத்து யார் வருவார் என்ற கேள்வியே இல்லை. எப்படி வருவான் என்பது மட்டுமே மிச்சம்.

எழுத்து நின்றுபோனவர்கள் தங்களிடம் சொல் வற்றிவிட்டதாகத்தான் முறையிடுவார்கள். வெறுங்கொப்பியின் முன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பழகியவருக்குத் தெரியும், சொல் தேவைக்கு மேலேயே இருக்கிறது. யார் கதையைச் சொல்வது, எங்கே தொடங்குவது, எவ்வளவு நீளம், எந்த நடை என்று எதுவுமே முடிவாகாமல் எல்லாமும் ஒன்றாக வந்து நிற்பதுதான் கையைக் கட்டிப்போடுகிறது. அப்படியானால் வழியும் அங்கேதான்: தீர்மானிக்க வேண்டியவற்றைக் குறைப்பது.

பழைய புலவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். திருகோணமலை முருகனையும் திருப்புகழில் பாடியிருக்கும் அருணகிரிநாதருக்குச் சந்தம் ஒரு சட்டகம். முதலடியின் தாளம் பிடிபட்டதும், மீதி அடிகள் எந்த அளவில் விழவேண்டும் என்பது முடிவாகிவிடுகிறது. அந்தாதி இன்னும் நேரடியானது. ஒரு பாட்டின் இறுதியே அடுத்த பாட்டின் முதல்; தொடக்கத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. 17ஆம் நூற்றாண்டின் சிவப்பிரகாச சுவாமிகள் இந்த அந்தாதியோடு, ஒரே எழுத்துத்தொடர் வேறுவேறு பொருளில் திரும்ப வரும் யமகத்தைச் சேர்த்து, உதடு ஒட்டாமலும் குவியாமலும் சொல்லும்படி திருச்செந்தூர் முருகன்மேல் நிரோட்டக யமக அந்தாதி பாடினார். பிரெஞ்சு எழுத்தாளர் ஜோர்ஜ் பெரெக் 1969இல், தன் மொழியில் மிக அதிகமாகப் புழங்கும் ‘e’ எழுத்தை ஒரு தடவைகூடப் பயன்படுத்தாமல் ஒரு முழு நாவலை வெளியிட்டபோது உலகம் வியந்தது. தமிழ் வாசகருக்கு அது தெரிந்த வித்தைதான்.

உரைநடை எழுதுபவர் யமகத்துக்குப் போகத் தேவையில்லை. கதை முழுவதும் ஒரே முற்றத்தில் நடக்க வேண்டும்; ஒருவர் மட்டுமே பேச வேண்டும்; காலையில் தொடங்கி மத்தியானச் சோற்றுக்குள் முடிய வேண்டும். இப்படி ஏதாவது ஒரு வேலியைப் போட்டுக்கொண்டால் போதும். அந்த வேலி பிறகு பிடிக்கவில்லை என்றால் பிடுங்கி எறியலாம். அதற்குள் பத்துப் பக்கம் சேர்ந்திருக்கும்.

திருகோணமலையில் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளைக்கு அந்த வேலியை வரலாறு போட்டுக்கொடுத்தது. சென்னையில் கீழைத்தேயச் சுவடிகள் இருந்த நூலகத்தில் வேலை பார்த்தவர் அவர். 1895இல் ‘மோகனாங்கி’ நாவலை வெளியிட்டார்; தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று பலரும் அதைக் கருதுகிறார்கள். பின்பற்ற முன்மாதிரி எதுவும் இல்லாத இடத்தில், நாயக்கர் காலமும் சொக்கநாத நாயக்கரும் அவருக்குக் கதையின் எலும்புக்கூடாகக் கிடைத்தன. எல்லாவற்றையும் கற்பனை செய்ய வேண்டிய பாரம் பாதி குறைந்தது. நாவலின் நடுவில் அகப்பட்டுக்கொண்ட எவரும் ஒரு பழைய காணி உறுதியையோ, கோயில் கணக்கையோ, பாட்டியின் கடிதத்தையோ எடுத்து வைத்துக்கொண்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம். நடந்த விடயம் ஒன்று கையில் இருந்தால், நடக்காததை அதன்மேல் ஏற்றுவது எளிது.

திருகோணமலைக் குடாவுக்கு அப்பால் மூதூரில் இருந்த வ. அ. இராசரத்தினம் பார்வையைச் சுருக்கிக் காட்டியவர். 1925இல் பிறந்த அவர் ஆசிரியத் தொழில் பார்த்தபடி எழுதினார். அவருடைய ‘தோணி’ கதையில் பெரிய தத்துவம் ஏதுமில்லை. மீனவர் வீட்டுப் பிள்ளை ஒருவனுக்குச் சொந்தமாகத் தோணி வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான் விதை. ஈழத்துச் சிறுகதை என்று பேச்சு எடுத்தால் அந்தக் கதையின் பெயர் வராமல் போவதில்லை. ‘மீனவர் வாழ்க்கை’ என்று தலைப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பேனை நகராது. ஒரு பையன், ஒரு தோணி என்றால் நகரும்.

தர்மு சிவராம் என்ற பிரமிளின் வழி இதற்கு நேர் எதிர். 1939இல் திருகோணமலையில் பிறந்த அவர், இங்கிருந்தபடியே சி. சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழுக்குக் கவிதையும் விமர்சனமும் அனுப்பினார். பிறகு தமிழ்நாட்டுக்குப் போனவர், 1997இல் இறக்கும்வரை அங்கேதான் வாழ்ந்தார். சில வரிக் கவிதை, நெடுங்கவிதை, சிறுகதை, நாடகம், விமர்சனம் என்று எல்லாவற்றிலும் கை வைத்தார். ஓவியமும் வரைந்தார், களிமண்ணில் உருவங்களும் செய்தார். ஒரு வடிவத்தில் கதவடைத்த விடயம் இன்னொன்றில் திறந்துகொள்வதை, இரண்டு கலை பழகியவர்கள் நன்றாக அறிவார்கள். வராத கதையை ஒரு கடிதமாக எழுதிப் பார்ப்பதும், வராத கவிதையின் காட்சியைப் பென்சிலால் கீறிப் பார்ப்பதும் இதே உத்தியின் சிறு வடிவங்கள்.

அதே பிரமிள்தான் மௌனியின் கதைத் தொகுப்புக்கு முன்னுரை எழுதினார். மௌனி தன் வாழ்நாளில் எழுதிய கதைகள் முப்பதைத் தொடவில்லை. அவரைத் தடைப்பட்ட எழுத்தாளர் என்று யாரும் சொல்வதில்லை. குறைவாக எழுதுவது ஒரு சிலருடைய இயல்பு. மாதம் ஒரு கதை வரவில்லை என்பதற்காக எல்லோரும் மருந்து தேட வேண்டியதில்லை.

மேசையை விட்டு எழுந்துபோவதைச் சோம்பல் என்று திட்டுபவர்களும் உண்டு. 2014இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரிலி ஒப்பெஸோவும் டானியல் ஷ்வார்ட்ஸும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உட்கார்ந்திருந்தபோது வந்ததைவிட, நடக்கும்போது புதிய யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடுதலாக வந்தன. சுவரைப் பார்த்தபடி ஓடுபொறியில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. ஆனால் ஒரே ஒரு சரியான விடை உள்ள கேள்விகளுக்கு நடை உதவவில்லை. எழுதுபவருக்கு இந்த இரண்டாவது முடிவும் முக்கியம். கதையின் போக்கைத் தேட திருகோணமலையின் டச்சு பே கடற்கரையில் ஒரு நடை போகலாம். ஒரு வசனத்தைத் திருத்த வேண்டுமானால் கதிரைக்குத்தான் திரும்ப வேண்டும்.

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் இன்னும் ஆழத்துக்குப் போனார். 1956இல் திருகோணமலையின் சுவாமிமலை அடியில் மைக் வில்சனோடு சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டார். அடுத்த ஆண்டே அந்தக் கடல் அனுபவங்கள் ஒரு நூலாக வந்தன. விண்வெளியில் எடையற்று மிதப்பதைப் பற்றி எழுதியவருக்குக் கடலடி அதற்கு மிக அருகான அனுபவமாக இருந்தது. மேசையில் கிடைக்காத பொருளை அவர் உடம்பால் தேடி எடுத்தார்.

நடைக்கும் நீச்சலுக்கும் அப்பால், ஒன்றும் ஓடாத நாட்களுக்கென்று வேலை இருக்கிறது. மாரியில் கடல் கொந்தளிக்கும்போது மீனவர்கள் கரையில் வலை பொத்துவார்கள். எழுதுபவருக்கும் அப்படிக் கைவேலை வேண்டும். பழைய பக்கங்களைக் கையால் பிரதி எடுப்பது, உரையாடல்களை உரக்க வாசித்துப் பார்ப்பது, பெயர்களையும் ஆண்டுகளையும் சரிபார்ப்பது எல்லாம் அதில் சேரும். பிரதி எடுக்கும்போது கை தானாகவே ஒரு சொல்லை மாற்றும். பிறகு ஒரு வரியை. அந்த வரி பழைய பக்கத்தில் இருக்காது.

பழக்கத்தின் பலத்துக்கு ஆங்கில நாவலாசிரியர் அந்தனி டிரொலொப் நல்ல சாட்சி. தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, விடிகாலையில் கடிகாரத்தை முன்னால் வைத்து, கால் மணிக்கு 250 சொல் என்று எழுதினார். ஹெமிங்வே அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த இடத்திலேயே அன்றைய வேலையை நிறுத்துவார். சம்பந்தரின் எட்டாம் பாட்டுக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. மறுநாள் காலை உட்காரும்போது முதல் கேள்விக்கு விடை ஏற்கெனவே தயாராக இருக்கிறது.

இந்த உத்திகள் எட்டாத தடையும் ஒன்று உண்டு. போரும் இடப்பெயர்வும் ஆழிப்பேரலையும் கண்ட திருகோணமலை மாவட்டத்தில், எழுதாமல் இருந்தவர்கள் எல்லோரும் சொல்லுக்குத் தவித்தவர்கள் அல்லர். எழுதினால் என்ன வரும் என்ற பயமும், எழுத மனம் ஒப்பாத துக்கமும் சந்தத்தாலோ அட்டவணையாலோ தீர்பவை அல்ல. அங்கே தேவைப்படுவது காலமும், வாசிக்க ஒரு நம்பகமான ஆளும், வெளியிட ஓர் இடமும். 2000களின் பிற்பகுதியில் திருகோணமலையிலிருந்து ஒரு கவிதைச் சிற்றிதழ் வரத் தொடங்கியது. அதன் பெயர் ‘நீங்களும் எழுதலாம்’. சிற்றிதழ் ஒன்று இருந்தால் இதழ் முடிக்கும் நாள் ஒன்றும் இருக்கும். பக்க அளவும் இருக்கும். பிந்தினால் கேட்பதற்கு ஓர் ஆசிரியரும் இருப்பார்.