மழை மறைவில் இரண்டு நாள்

ஷார்ஜாவில் ஒரே அறையில் ஆறு வருடங்களாகக் கட்டில் போட்டுப் படுத்திருந்தும், நாங்கள் சேர்ந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்ததில்லை. இம்முறை மூன்று பேருக்கு ஒரே மாதத்தில் விடுமுறை அமைந்தது. "பாலைவனத்துல கூடாரம் போட்டது போதும், காட்டுக்குப் போலாம்" என்றார் பொள்ளாச்சி நண்பர். சனி, ஞாயிறு என்று முடிவாயிற்று. மறையூர் நண்பருக்கு மட்டும் இன்னொரு வேலை இருந்தது. அப்பாவின் இரண்டரை ஏக்கர் கரும்புத் தோட்டத்துக்கு ஒரு ரிசார்ட்காரர் விலை பேசியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை பரம்பிக்குளம். பாலக்காடு மாவட்டத்து ஊர்தான். ஆனால் பாலக்காட்டுக்காரரே பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் வர வேண்டும். அணை நிற்பது கேரள மண்ணில், பராமரிப்பது தமிழகம். கன்னிமாரா தேக்குக்கு வயது 450க்கு மேல் என்கிறார்கள். மூன்று பேர் கை கோத்தும் சுற்றளவு எட்டவில்லை. இங்கே வெட்டிய மரங்களைச் சாலக்குடிக்கு இறக்க 1907இல் டிராம் ரயிலே விட்டிருந்தார்கள். அதற்கும் தப்பிய மரம்!

இரவு உடுமலையில் தங்கி, காலையில் மூணாறு பஸ் பிடித்தோம். கேரளம் என்றாலே பச்சை என்று நினைப்பவர்கள் சின்னாரில் ஏமாறுவார்கள். ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டினால் முள் மரமும் கள்ளியும்தான். தென்மேற்குப் பருவமழை மூணாறு பக்கத்து மலைகளிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. இந்தப் பக்கச் சரிவுக்கு மிஞ்சுவது கொஞ்சம் தூறல். 1984 முதல் இது சரணாலயம். நட்சத்திர ஆமை, சாம்பல் நிற மலை அணில் எல்லாம் உண்டு. எங்களுக்கு வாய்த்தது நான்கு மயிலும் ஒரு யானையின் பின்புறமும்.

மறையூரில் முதலில் கண்ணில் படுவது சந்தனக் காடு. கம்பி வேலி, காவலர்கள், ஒவ்வொரு மரத்துக்கும் எண். "நம்ம லேபர் கார்டு மாதிரி" என்றார் பொள்ளாச்சிக்காரர்.

கரும்பு ஆலை என்றதும் புகைபோக்கியைத் தேட வேண்டாம். தோட்டத்து ஓரத்தில் ஒரு கொட்டகை, அவ்வளவுதான். பிழிந்த சாற்றைப் பெரிய கொப்பரையில் ஊற்றி, காய்ந்த சக்கையையே எரித்துக் காய்ச்சுகிறார்கள். கொஞ்சம் சுண்ணாம்பு போட்டு அழுக்கு எடுப்பார்கள். பாகு பதமானதும் மரத் தொட்டியில் கொட்டி, ஆறுவதற்குள் கையால் உருண்டை பிடிக்க வேண்டும். நானும் ஒன்று பிடித்தேன். கை சுட்டதுதான் மிச்சம். உருண்டை கொழுக்கட்டை மாதிரி வந்தது. நிறம் கரும் பழுப்பு, உப்புக் கரிப்பு துளியும் இல்லை.

2019இல் இந்த வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்கு மதிப்பு இருப்பதால் போலியும் இருக்கிறது. சமவெளியில் காய்ச்சிய மலிவுச் சரக்கு மறையூர் பெயரில் விற்கிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று நதிகளில் ஒன்றான பாம்பாறு இங்கிருந்துதான் அமராவதிக்குப் போகிறது. "எல்லை தாண்டி நல்ல தண்ணி போகுது, எல்லை தாண்டிக் கள்ள வெல்லம் வருது" என்றார் நண்பரின் அப்பா. அவர் பேசுவது தமிழ், ரேஷன் கார்டு மலையாளம். 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளம் தாலுகா கேரளத்தோடு நின்றது. அஞ்சுநாட்டுக் கிராமங்களும் அதோடு சேர்ந்துகொண்டன.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தோட்டப் பேச்சு வந்தது. பெரியவர் விற்காதே என்று சொல்லவில்லை. "வெட்ட ஆளு கெடைக்கல தம்பி. எனக்கு எழுபத்தி ஒண்ணு. நீ வர்றதுன்னா வச்சிருக்கேன். வரலேன்னா நல்ல வெலைதான், குடுத்துரலாம்." ரிசார்ட்காரர் சொன்ன தொகை நண்பரின் எட்டு வருடச் சம்பளம். அதை அவரே என் காதில் சொன்னார். சொல்லிவிட்டுக் கொப்பரைப் பக்கம் போய் நின்றுகொண்டார். நாங்கள் யோசனை எதுவும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் ஷார்ஜாவுக்குத் திரும்புகிறவர்கள் என்ன சொல்வது?

மூன்று மணிக்கு ரிசார்ட்காரரின் ஜீப் வந்தது. அரை மணி நேரத்தில் போய்விட்டது. "அடுத்த லீவுக்குப் பேசலாம்னு சொல்லிட்டேன்" என்றார் நண்பர். "அதுவரைக்கும் யார் வெட்டுவா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கடைசி பஸ்ஸில் எங்களை ஏற்றிவிட்டு, ஆளுக்கு இரண்டு கிலோ வெல்லம் கொடுத்தார். அவருக்கு இன்னும் பதினொரு நாள் விடுமுறை பாக்கி. பஸ் திரும்பும்போது பார்த்தேன்: வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரும்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்.